மில் வாசலில் கூடிய தெரு

மாவு மில் நடத்துகிறவனுக்கு முதலில் காது போகும், பிறகு மெதுவாக மனிதர்கள் மேல் இருக்கிற நம்பிக்கை போகும். என் காது இன்னும் ஓரளவுக்குக் கேட்கிறது.

டீக்கடை, சலூன், தையல் கடை, ஜெராக்ஸ் கடை என்று நாலு பேர் காத்திருக்கிற மாதிரி ஒரு தொழிலை நீங்களும் செய்துகொண்டிருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. நமக்கெல்லாம் ஒரே தண்டனைதான். கை வேலையைப் பார்க்கும், காது ஊர்க்கதையைக் கேட்கும். கேட்டதை வெளியே சொல்லவும் முடியாது, மறக்கவும் முடியாது. அரைக்க வாங்கின டின்னைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், காதில் விழுந்ததை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

என் மில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவின் முனையில் இருக்கிறது. இரண்டு மெஷின். ஒன்று அரிசி, கேழ்வரகு, கோதுமைக்கு. மற்றது மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு. காலையில் கறுப்பாக உள்ளே போகிற நான் சாயங்காலம் வெள்ளையாக வெளியே வருவேன். என் மனைவி சாந்தி வாசலில் இருந்து டின்களை வாங்கி வைப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தெருவே வந்து போகிற இடமாக இருந்ததால் அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு பெஞ்சு போட்டேன்

முன்பெல்லாம் மில்லுக்கு வருகிறவர்கள் வெயிலில்தான் நிற்பார்கள். ஒரு நாள் மாசமாக இருந்த ஒரு பெண் நிற்க முடியாமல் கேழ்வரகு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்த சாந்தி அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை. மறுநாளே பழைய மரக்கடையில் ஒரு நீளப் பெஞ்சு வாங்கி வந்து, வாசலில் தகர ஷீட்டுக்குக் கீழே போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. சமூக சேவை, ஒற்றுமை என்றெல்லாம் எனக்கு ஒரு யோசனையும் இல்லை. மனைவி பேசினால் போதும் என்றிருந்தது.

அந்தப் பெஞ்சில் சேர்ந்தவர்கள்தான் வளர்மதியும் பத்மாவும். வளர்மதிக்குக் கணவர் இல்லை. முதலாளி கொடுக்கிற பட்டில் வீட்டுத் தறியில் சேலை நெய்து, ஒரே மகள் கவிதாவைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தவள். பத்மா அடுத்த வீடு, அவள் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தறி அடித்தால் அந்தப் பக்கம் அலமாரியில் டம்ளர் ஆடும். ஆனாலும் சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் போவது என்ற பழைய தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டி வந்தபோது, முதலில் பத்மா தன் டின்னை நகர்த்தி இடம் விட்டாள். அடுத்த வாரம் வளர்மதி அவளுக்குக் கொஞ்சம் கறிவேப்பிலைப் பொடி கொண்டு வந்தாள். பிறகு பாவு போட விடிகாலையில் தெருவில் நூலை நீட்டிக் கட்டும்போது ஒரு பக்கம் பிடிக்கப் பத்மா வந்தாள். கவிதாவுக்குப் பரீட்சை என்றால் பத்மா வீட்டு டிவி வாயைத் திறக்காது.

பத்மா தினமும் ஒரு சின்னத் தூக்கில் அரைப்படி அரிசியோ உளுந்தோ கொண்டு வருவாள். ஒரு நாள் தாங்க முடியாமல், "ஏம்மா, மொத்தமா கொண்டாந்தா ஒரே தடவையில அரைச்சிடலாமே?" என்று கேட்டேன். அவள் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"மொத்தமா அரைச்சிட்டா நாளைக்கு எதைச் சொல்லிக்கினு இங்க வந்து உக்கார்றது?"

எஸ்தர் உட்கார்ந்த நாள்

பெஞ்சு போட்டால் எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள் என்று நீங்கள் நினைத்தால், நானும் அப்படி நினைத்தவன்தான்.

ஏரிக்கரைப் பக்கத்துக் காலனியிலிருந்து எஸ்தர் என்று ஒரு பெண் வருவாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. டூட்டி முடிந்து காலையில் நேராக மில்லுக்கு வருவாள், கண்ணெல்லாம் சிவந்திருக்கும். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்காக ஒரு முறை பச்சரிசி கொண்டு வந்திருந்தாள். கூட்டம் அதிகம். எப்போதும் நின்றே வாங்கிக்கொண்டு போகிறவள், அன்றைக்கு அலுப்பு தாங்காமல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எங்கள் தெருவின் சாமர்த்தியம். ஒருத்திக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது. இன்னொருத்திக்கு மணி அடிக்காமலே போன் வந்தது. பத்மாவுக்குக்கூடத் திடீரென்று கால் மரத்துப்போய், எழுந்து நடந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த நீளப் பெஞ்சில் எஸ்தரும் வளர்மதியும்தான் மிச்சம். வளர்மதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. எங்கள் தெருவுக்கு அதுவே அதிகம்.

எஸ்தரின் அரிசி அரைத்து முடிந்ததும், பால் ஞாபகம் வந்து போனவள் திரும்பி வந்து, "மெஷினை ஒரு தடவை கழுவி விட்டுட்டு என்னுதைப் போடுங்கண்ணா" என்றாள். மிளகாய் அரைத்த மெஷினில் ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டுவதைத்தான் நாங்கள் கழுவுவது என்போம். இது அரிசி மெஷின். "அரிசிக்கு அப்புறம் அரிசிதானேம்மா, எதுக்குக் கழுவணும்?" என்று கேட்டேன். அவள் டின்னை எடுத்துக்கொண்டு அடுத்த தெரு மில்லுக்குப் போனாள். இன்னும் சிலர் அவள் பின்னாலேயே போனார்கள். எஸ்தர் எழுந்து என்னிடம் வந்தாள். கோபமாக ஏதாவது கேட்பாள், கேட்கட்டும் என்று நின்றேன். அவள் எனக்காக வருத்தப்பட்டாள்:

"எனக்காக உங்க யாவாரத்தைக் கெடுத்துக்காதீங்கண்ணா. ஆஸ்பத்திரியில விடிய விடிய நின்னுக்கினுதானே இருக்கிறேன், இங்கயும் நின்னுக்கிறேன்."

கரண்ட் போன நேரம்

மில்லில் ரகசியம் பேசுகிறவர்களை நீங்கள் பார்க்க வேண்டும். மெஷின் ஓடும்போது காதுக்குள் சொன்னால் கேட்காது. அதனால் ரகசியத்தையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். முகத்தில் குசுகுசுப்பு இருக்கும், தொண்டையில் மைக் செட் இருக்கும். ஓடுகிற மெஷின் ஒரு சுவர் மாதிரி. அந்தச் சுவரை நம்பித்தான் எங்கள் தெருப் பெண்கள் அவ்வளவு பேசினார்கள்.

கவிதாவுக்குப் பக்கத்து ஊரான ஐயம்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்து, நிச்சயமும் முடிந்திருந்தது. ஒரு நாள் காலையில், தெருவில் யாருக்கும் முகம் தெரியாத ஒரு பெரியம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை நிறைய மிளகாய். "மாப்பிள்ளைக்கு நான் அத்தை. மிளகாயை அரைச்சிக்கினு அப்படியே சம்பந்தி வீட்டையும் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சாந்தியிடம் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பத்மா இதைக் கவனிக்கவில்லை. அவள் எதிர் வீட்டுப் பெண்ணிடம் கவிதாவின் கல்யாணத்தைப் பற்றி உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷத்தில்தான் சொன்னாள். பாவம் அந்தப் பெண் பட்ட கஷ்டத்துக்கு ஒரு நல்ல இடம் கிடைத்ததே என்ற சந்தோஷம்.

அப்போது கரண்ட் போனது. மெஷின் உடனே நிற்காது, பெல்ட் கொஞ்சம் சுற்றித்தான் ஓயும். பத்மாவின் தொண்டை அதற்குள் ஓயவில்லை. "சின்ன வயசுலேர்ந்து வலிப்பும்மா அதுக்கு! இன்னும் மாத்திரை போட்டுக்கினுதான் இருக்குது! வளரு யார்கிட்டயும் சொல்லல, என்கிட்ட மட்டும்தான் சொல்லிச்சி!" கடைசி வார்த்தைகள் சத்தமே இல்லாத மில்லில் போய் விழுந்தன. சாந்தி கண்ணால் காட்டிய ஜாடை வீணாகப் போனது. பெஞ்சிலிருந்து அந்த அத்தை எழுந்து உள்ளே வந்தார். பத்மாவைப் பார்க்கவில்லை, சண்டை போடவில்லை. என்னிடம் கையை நீட்டினார்:

"மிளகாயைக் குடுத்துடுங்க. அரைக்காமலே எடுத்துக்கினு போறேன்."

யாரும் கேட்காதது

நிச்சயம் முறிந்த செய்தி போனில் வந்தது. வளர்மதி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை. நேராக மில்லுக்கு வந்தாள். எங்கள் தெருவுக்குக் கோர்ட்டும் இதுதான். பெஞ்சு நிறைய ஆள். பத்மாவும் இருந்தாள். வளர்மதி அவள் முன்னால் போய் நின்று, "நானே மாப்பிள்ளை வீட்டுல சொல்லியிருப்பேனேக்கா. டாக்டர் சீட்டெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன், இந்த வாரம் போய் சொல்லலாம்னு. உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?" என்றாள். கத்தவில்லை. மெஷினை நிறுத்தியிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. பத்மா "நல்ல மனசோடதான் வளரு சொன்னேன்" என்று ஆரம்பித்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தெரு இரண்டாகப் பிரிந்தது. பெண்ணுக்கு இருக்கிற நோயை மறைத்தது தப்பு என்று ஒரு பாதி. நம்பிச் சொன்னதை வெளியே விட்டது தப்பு என்று ஒரு பாதி. தினமும் வழக்கு நடந்தது. இரண்டு பக்கத்திலும் கெட்டிக்காரிகள் இருந்தார்கள். நானும் அரைத்துக்கொண்டே கேட்டேன். அந்தப் பெண் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று மட்டும் இரண்டு பக்கத்திலும் ஒருவரும் கேட்கவில்லை.

கவிதா ஒரு பட்டுக் கடையில் பில் போடும் வேலை பார்த்தாள். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் மாவு வாங்க வந்தாள். அவள் காதில் விழும்படியாகவே பெஞ்சிலிருந்து யாரோ "ச்சு" கொட்டினார்கள். சாந்தி டின்னைக் கொடுத்துவிட்டு, "உடம்பு எப்படிம்மா இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டாள். கவிதா சிரித்த மாதிரிதான் இருந்தது:

"எனக்கு வலிப்பு வந்து ரொம்ப வருஷமாச்சு அத்தை. இப்ப தெருவுக்குத்தான் வந்திருக்குது."

இரண்டு அண்டா

ஆடி மாதம் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்போம். வீட்டுக்கு வீடு கேழ்வரகு வாங்கி, எல்லாவற்றையும் மில்லில் ஒன்றாகக் கொட்டி அரைத்து, ஒரே அண்டாவில் காய்ச்சுவது வழக்கம். மெஷினுக்குள் போய்விட்டால் யார் வீட்டுக் கேழ்வரகு எது என்று அம்மனுக்கே தெரியாது. அந்த வருஷம் கேழ்வரகு இரண்டு மூட்டையாக வந்தது. கொண்டு வந்தவர்கள், "எங்களதை அவங்களோட கலந்துடாதீங்க" என்று தனித்தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தனித்தனியாகவே அரைத்தேன். மெஷினை நடுவில் கழுவி விடச் சொல்லாததுதான் மிச்சம்.

கோயிலுக்கு இந்தப் பக்கம் ஒரு அண்டா, அந்தப் பக்கம் ஒரு அண்டா. இரண்டு பக்கமும் மைக் செட். இரண்டிலும் வேறு வேறு பாட்டு. இங்கே குடித்தால் அங்கே கோபம், அங்கே குடித்தால் இங்கே கோபம் என்று பக்கத்துத் தெருக்காரர்கள் தூக்குப் பாத்திரத்தைக் காலியாகவே எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். இதில் பெரிய விஷயம் என்னவென்றால், வளர்மதி வரவில்லை, கவிதா வரவில்லை, பத்மாவும் வரவில்லை. சண்டைக்குச் சொந்தக்காரர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், சண்டை மட்டும் தெருவில் ஜோராக நடந்தது. சாயங்காலம் பூசாரி ஒரு அண்டாவை எட்டிப் பார்த்தார், அடுத்ததையும் எட்டிப் பார்த்தார். ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. என் பக்கம் திரும்பினார்:

"வருஷா வருஷம் கூழ் பத்தலன்னு திட்டு வாங்குவேன்பா. இந்த வருஷம் ரெண்டு அண்டா இருக்குது, திட்டறதுக்குக்கூட ஆளைக் காணோம்."

மிஸ்டு கால்

ஆடிக்குப் பிறகு பெஞ்சில் ஒரு கட்சி இந்த முனையில் உட்கார்ந்தது, ஒரு கட்சி அந்த முனையில். நடுவில் டின்கள். ஒரு நாள் அந்த நடு டின்னை யார் நகர்த்துவது என்பதில் ஆரம்பித்து, யாருடைய மாமியார் எப்படிச் செத்தார் என்பது வரைக்கும் போனது. டின் கவிழ்ந்தது. கோதுமை மாவு தெருவெல்லாம் பறந்தது. இரண்டு பெண்கள் மாவு பூசிய முகத்தோடு ஒருவர் கையை ஒருவர் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றார்கள். நான் நடுவில் போய் விலக்கியபோது என் கையில் ஒரு நகக் கீறல்.

அன்றைக்குச் சாந்திதான் பெஞ்சை உள்ளே எடுத்துப் போடச் சொன்னாள். முதலில் பேசாமல் இருந்து அதை வாங்க வைத்தவள் அவள்தான். தூக்கும்போது ஒரு பக்கம் அவளே பிடித்தாள். பின்கட்டில் போட்டு, மேலே சாக்குகளை அடுக்கினோம். தெருவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. டின்னை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது. மெஷின் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் என்னால் வேலையே செய்ய முடியவில்லை. ஒரு நாள் டின்னை வைத்துவிட்டுத் திரும்பிய எதிர் வீட்டுப் பெண்ணிடம், "கொஞ்ச நேரம்தாம்மா, இருந்து வாங்கிக்கினு போயேன்" என்றேன். அவள் நடந்துகொண்டே சொன்னாள்:

"ரெடியானா மிஸ்டு கால் குடுங்கண்ணா. ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பார்த்துக்கினு நிக்கறதுக்கு எங்களுக்கு வேற வேலையில்லையா?"

நின்றுபோன தறி

வளர்மதியும் அப்படித்தான் ஒரு நாள் காலையில் அரிசி டின்னை வைத்துவிட்டுப் போனாள். முகம் வாடியிருந்தது, தலை வலிக்கிறது என்றாள். மதியம் வரைக்கும் டின்னை எடுக்க வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. பெஞ்சு இருந்த காலமாக இருந்தால் பத்மாவே அந்த டின்னை எடுத்துக்கொண்டு போயிருப்பாள், என்னிடம் கேட்டிருக்கவும் மாட்டாள். அன்றைக்கு மில்லில் யாருமில்லை. தன் மாவை வாங்க வந்த எஸ்தரிடம், "போற வழிதானேம்மா, இதை வளர்மதி வீட்டுல குடுத்துடு" என்றேன். அந்த வீட்டுக்குள் அவள் அதுவரை போனதில்லை. கொஞ்சம் தயங்கினாள், பிறகு வாங்கிக்கொண்டாள்.

கதவு சாத்தாமல் இருந்திருக்கிறது. கூப்பிட்டும் பதில் வராததால் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாள். தறிக் குழிக்குள் கால் இருக்க, நெய்துகொண்டிருந்த சேலை மேல் சாய்ந்து கிடந்தாள் வளர்மதி. ஒரு பக்க வாய் கோணியிருந்தது. மூச்சு இருந்தது. எஸ்தர் போட்ட கூச்சலில் தெருவில் எல்லாக் கதவும் திறந்தது. முதலில் ஓடி வந்தது பத்மா. ஒரு பக்கம் எஸ்தர், ஒரு பக்கம் பத்மா, கால்களை நான் என்று தூக்கிக்கொண்டு வந்து ஷேர் ஆட்டோவில் ஏற்றினோம். கொண்டு போன ஆஸ்பத்திரியில், மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருக்கலாம் என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

வளர்மதி பிழைத்துக் கிடந்த அந்தக் கொஞ்ச நாளில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. எஸ்தர் தன் டூட்டி முடிந்ததும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், கவிதாவுக்குத் துணையாக இருந்து, வளர்மதியைப் புரட்டிப் படுக்க வைத்து, உடம்பைத் துடைத்துவிட்டு வந்தாள். பத்மா தினமும் வார்டு வாசல் வரைக்கும் போவாள். கவிதா உள்ளே விடவில்லை. ஒரு சாயங்காலம் பத்மா மில்லுக்கு வந்தாள். கையில் தூக்கு இல்லை, டின் இல்லை. மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். நிறுத்தினேன்.

"தறி நின்னது எனக்குக் கேட்டுச்சுண்ணா. நிக்கிற நேரம் இல்லையேன்னு நெனைச்சேன். போய்ப் பார்த்தா 'நீ எதுக்கு வந்தே'ன்னு கேட்டுடுமோன்னு பயந்துக்கினு உக்காந்துட்டேன்."

கைகூப்பிய படங்கள்

வளர்மதி இறந்த செய்தியைத் தெருவின் வாட்ஸ்ஆப் குரூப்பில் யாரோ போட்டார்கள். பெஞ்சு போன பிறகு தெரு அங்கேதான் கூடிக்கொண்டிருந்தது. கைகூப்பிய படங்கள் வந்து விழுந்தபடி இருந்தன. அழுகிற முகங்கள், ஒரு விளக்கு, ஒரு வெள்ளைப் பூ. இரண்டு கட்சிக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு அனுப்பினார்கள். அந்த நேரத்தில் சாவு வீட்டு வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாக இருந்தன. முதலில் போய் உட்கார்ந்தால் எந்தக் கட்சி என்று ஆகிவிடுமோ என்று ஒவ்வொருவரும் அடுத்தவருக்காகக் காத்திருந்தார்கள். சாந்தி என் போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு எதிர் வரிசை வீடுகளைப் பார்த்தாள்.

எடுக்கிற நேரம் நெருங்கியதும் எல்லாரும் வந்துவிட்டார்கள். குறை சொல்லக் கூடாது, அழுதார்கள். எஸ்தர் ஒரு ரோஜா மாலையோடு தெருமுனையிலேயே நின்றிருந்தாள். கவிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அங்கே போனாள். எஸ்தரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, அம்மா போனதிலிருந்து அதுவரை அழாத அழுகையையெல்லாம் அழுதாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, அம்மாவின் தலைமாட்டில் உட்கார வைத்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் இரண்டு கட்சியும் ஒரே பக்கம் திரும்பியது. என் பின்னால் ஒருத்தி சொன்னது தெளிவாகக் கேட்டது:

"இத்தனை பேர் சொந்தக்காரங்க இருக்கிறோம், அவளைப் போயி எதுக்கு அங்க உக்கார வெக்குது இந்தப் பொண்ணு?"

பக்கத்து வீடு

காரியமெல்லாம் முடிந்த பிறகு கவிதா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டாள். தங்குவதற்கு ஹாஸ்டல். முதலாளி போட்டுக்கொடுத்திருந்த தறியை அவரே பிரித்து எடுத்துக்கொண்டு போனார். கிளம்புகிற அன்று பையை மாட்டிக்கொண்டு மில்லுக்கு வந்தாள். "இங்கயே எங்ககூட இருந்துடேன்மா" என்று சாந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவள் அதைக் கேட்பாள் என்று எனக்கும் ஒரு ஆசை இருந்தது. கவிதா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "அங்க ஹாஸ்டல்ல யாரும் யார்கூடவும் பேச மாட்டாங்களாம் அத்தை. எனக்கு அது போதும்" என்றாள். பஸ் ஸ்டாண்டு போகிற ஆட்டோ வந்ததும் ஏறிக்கொண்டாள். பத்மா தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், கவிதா பார்க்கவில்லை. அல்லது பார்த்துவிட்டுத்தான் திரும்பவில்லையோ என்னவோ.

மறுநாள் காலையில் ஓர் அதிசயம் நடந்தது. டின்னை வைத்த பெண்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இந்தக் கட்சி, அந்தக் கட்சி எல்லாம் மறந்து மில் வாசலில் வட்டமாக நின்றுகொண்டார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவ்வளவு பேரை அங்கே ஒன்றாகப் பார்த்த சாந்தியின் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. அதற்குள் பேச்சு காதில் விழுந்தது. ஹாஸ்டலாவது ஒண்ணாவது, யாரோ ஒரு பையன் இருக்கணும். இல்லையென்றால் அம்மா செத்த கையோடு ஒரு பெண் இப்படிக் கிளம்புமா? போன வருஷமே பட்டுக் கடை வாசலில் பைக்கில் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்ததை ஒருத்தி பார்த்திருந்தாள். இன்னொருத்தி, நிச்சயம் முறிந்ததற்கே நிஜக் காரணம் அதுதானாம் என்றாள். மாப்பிள்ளையின் அத்தை அரைக்காமல் எடுத்துக்கொண்டு போன மிளகாயை இவர்கள் அரைத்து முடித்துவிட்டார்கள்.

சாந்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் மெஷினைப் போட்டேன். அவர்கள் குரலை உயர்த்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். பத்மா ஓரமாகத் தனியாக நின்றிருந்தாள். வளர்மதி போனதிலிருந்து அவள் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை. எதிர் வீட்டுப் பெண் அவள் பக்கம் திரும்பி, "அக்கா, சொவரை ஒட்டின வீடு உன்னுது, உனக்குத் தெரியாம இருக்குமா? அது யாருன்னு நீயாவது சொல்லேன்" என்று கத்தினாள். எல்லாரும் பத்மாவையே பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. உதட்டசைவை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது:

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் பக்கத்து வீடு, அவ்ளோதான்."

இருக்கிறவர்களைக் கண்டால் விலகிப் போவதும், இல்லாதவர்களைப் பற்றிப் பேசத் தவறாமல் ஒன்றுகூடுவதும்தான் அக்கம்பக்கம் என்றால், எங்கள் தெருவில் ஒற்றுமைக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.